சேறு யாருக்கும் அம்மா இல்லை

குக் மல்லியோவுக்கு அவள் அப்பா வைத்த பெயரின் பொருள் 'கடைசிப் பெண்'. நான்காவதும் பெண்ணாகப் பிறந்த கோபத்தில், இதோடு நிற்கட்டும் என்று பதிவு அலுவலகத்தில் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வருஷம் ஐந்தாவதும் பெண்ணாகவே பிறந்தது. "எங்கப்பா உத்தரவை முதல்ல மீறினது எங்கம்மா வயிறுதான்" என்று மல்லியோ அக்கா சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போது அத்தனை பல்லும் தெரியும். சிரித்து முடித்ததும் கடையை அடைப்பது போல முகம் சட்டென்று மூடிக்கொள்ளும்.

நான், ஜொங்ரான், சல்போ நகர நூலகத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அக்காவுக்கு நடந்ததில் என் பங்கும் உண்டு. அதை நடுவில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் மற்றதைக் கேட்கமாட்டீர்கள்.

பத்தொன்பது வயதில் கிசொப் என்பவரைக் கட்டிக்கொண்டு அவள் சல்போவுக்கு வந்தாள். கிசொப்பிடம் ஒரு சின்னப் படகு இருந்தது. அது கடலில் இருந்த நாளைவிடக் கரையில் ரிப்பேருக்குக் கிடந்த நாள்தான் அதிகம். வீடு ஓடியது கடலோரச் சேற்றுவெளியில் கிடைத்த மட்டிச் சிப்பியால். ஓதம் வற்றிக் கடல் பின்வாங்கியதும் பெண்கள் இறங்குவார்கள். இரும்புப் பட்டை வைத்த மரச்சட்டத்தை ஒரு கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடியே இழுக்கவேண்டும். மட்டியில் பட்டால் 'டக்' என்று ஒரு சின்ன அதிர்வு கயிறு வழியாக இடுப்புக்கு வரும். குனிந்து எடுத்துக் கூடையில் போடவேண்டும். பக்கத்து வீட்டு ஹக்சிம்மும் அவளும் இருபத்தெட்டு வருஷம் அருகருகே இப்படி நடந்தார்கள். "பின்னாடியே நடந்து நடந்து இந்நேரம் நாம சந்திரனுக்குப் போய்த் திரும்பியிருப்போம்டி" என்பாள் ஹக்சிம். "போயிருந்தா அங்கயும் எவனாவது அணை கட்டியிருப்பான்" என்பாள் மல்லியோ.

இங்கே கட்டிவிட்டார்கள். பதினைந்து வருஷமாகக் கல் கொட்டிக் கொட்டி, அவளுடைய நாற்பத்தேழாவது வயதில், ஒரு வசந்த காலத்தில் கடல் அணையின் கடைசி வாயையும் மூடினார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட சேற்றுவெளி முழுவதும் காய்ந்து தொழிற்பேட்டையாகவும் நகரமாகவும் ஆகும் என்றார்கள். மீன்பிடி உரிமைக்கான நஷ்டஈடு படகு வைத்திருப்பவர்களுக்கும் குடும்பத் தலைவர்களுக்கும் கிடைத்தது. இடுப்பில் கட்டி இழுக்கும் சட்டத்துக்கு லைசென்ஸ் ஏது? கிசொப் ஒரு மதியம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நூடுல்ஸ் கொதிக்க வைக்கச் சொன்னார்.

"ஏய்யா, போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கறதுக்கு உன் பேர்ல என்ன இருக்கு? படகு என் பேர்ல. வீடு என் பேர்ல."

"சேறு?"

"சேறு அரசாங்கத்து பேர்ல. தண்ணி கொதிக்குது பாரு."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஊரில் எல்லா ஆண்களும் போட்டார்கள், அவரும் போட்டார். பிறகு அதே அணையில் மண் லாரி ஓட்டினார்.

அந்த வருஷத்தின் முதல் மழை பெய்தபோது நடந்ததை சல்போவில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. வாரக்கணக்கில் தண்ணீருக்காகக் காத்திருந்த மட்டிகள், மழையை ஓதம் என்று நினைத்து ஒட்டுமொத்தமாக மேலே ஏறி வாயைத் திறந்தன. மழை ஒரு மணி நேரத்தில் நின்றுவிட்டது. பிறகு வெயில் அடித்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளையாகத் திறந்து கிடந்தன. நாற்றம் கடைத்தெரு வரை வந்தது. நாங்கள் நூலகத்தின் ஜன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து புத்தகம் படித்தோம்.

அதற்குப் பிறகும் பெண்கள் இறங்கத்தான் செய்தார்கள். அணையின் மதகு வழியாகக் கொஞ்சம் கடல்நீர் வந்து போன மூலைகளில் மட்டி இன்னும் இருந்தது. மதகைத் திறப்பதற்கு முன்னால் ஊர் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள் என்பது ஏற்பாடு. ஜூலையில் ஒருநாள் காலை பத்து மணிக்கு அறிவிக்காமல் திறந்தார்கள். ஓதத்தின் மாதக்கணக்கும் நேரக்கணக்கும் விரல்நுனியில் வைத்திருந்த ஐந்து பெண்கள் சேற்றில் நின்றார்கள். தண்ணீர் அவர்களுக்குத் தெரிந்த நேரத்திலும் வரவில்லை, தெரிந்த பக்கத்திலிருந்தும் வரவில்லை. பக்கவாட்டில் வந்தது. நான்கு பேர் கரை ஏறினார்கள். ஹக்சிம்மின் மரச்சட்டம் எதிலோ மாட்டிக்கொண்டது. இடுப்புக் கயிற்றின் முடிச்சு நனைந்து இறுகிவிட்டது. மல்லியோ அக்கா பல்லால் கடித்து அவிழ்க்கப் பார்த்தாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது ஹக்சிம்தான் அவளைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டாள். "போடி!" என்று கத்தினாள். அதுதான் கடைசி.

நிலமீட்பு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'தடைசெய்யப்பட்ட பகுதியில் அனுமதியின்றி நுழைந்த காரணத்தால்' என்று ஆரம்பிக்கும். அக்காவுக்கு அது மனப்பாடம்.

அந்தக் குளிர்காலத்தில் நகராட்சியின் வேலைத்திட்டத்தில் நூலகத்தைத் துடைக்க வந்தாள். குளிர்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கழிவறைப் பக்கத்து வராந்தாவில் ஹீட்டருக்கு எதிரே உட்கார்ந்து ஓய்வெடுப்பாள். அங்கேதான் எதிர்காலக் கற்பனைக் கதைகளின் அலமாரி இருந்தது. வேறு இடம் இல்லாததால் நான்தான் அதைக் கழிவறைப் பக்கம் தள்ளியிருந்தேன். கையில் அகப்பட்டதைப் படிக்க ஆரம்பித்தவள், ஒரு வருஷத்தில் அந்த அலமாரியில் பெண்கள் எழுதியதை எல்லாம் முடித்துவிட்டாள். ஆண்களே இல்லாத கிரகம், மூளை உள்ள கடல், கல்லோடு பேசும் கிழவி, கருப்பைகளைத் தொழிற்சாலையில் அடுக்கி வைத்திருக்கும் அரசாங்கம். ஆண்கள் எழுதியதைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அதுல ராக்கெட்டு போகுது, ஜொங்ரான். யாரு சமைச்சாங்க, யாரு பாத்திரம் கழுவினாங்கன்னு எதுவும் இல்ல. முந்நூறு வருஷம் பறக்கறானுங்க, ஒருத்தனுக்கும் பசிக்கல."

"பொம்பளைங்க எழுதினது பிடிச்சிருக்கா?"

"பாதி பிடிச்சிருக்கு. மீதியில பூமி அம்மா, கடல் அம்மான்னு ஒரே அழுகை. எனக்கு எங்கம்மாவையே அவ்வளவா பிடிக்காது."

இதற்கு அடுத்த வசந்தத்தில்தான் பாங் ஹேயின் வந்தார். தலைநகரிலிருந்து வந்த எழுத்தாளர், முப்பத்தைந்து வயது இருக்கும், பட்டுப்போல் பேசுவார். ஒரு கலாச்சார அறக்கட்டளை அவரை ஆறு மாதம் சல்போவில் தங்கவைத்து, புதன்கிழமை காலைகளில் 'பெண்கள் எழுதிய எதிர்காலம்' என்று ஒரு பட்டறை நடத்தச் சொல்லியிருந்தது. ஏழு பெண்கள் வந்தார்கள். எட்டாவதாக மல்லியோ அக்கா துடைப்பத்தோடு வாசலில் நின்றாள்.

பாங் டீச்சர் சூழலியல் பெண்ணியம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணையும் நிலத்தையும் ஒரே கைதான் அடக்குகிறது, இருவரும் பெற்றுத் தருகிறவர்கள், அதனால் பெண் எழுதும் கதையில் மண்ணே தாயாக எழுந்து வருகிறாள் என்றார். பெண்கள் குறிப்பெடுத்தார்கள்.

"டீச்சர், ஒரு சந்தேகம்" என்றாள் அக்கா வாசலிலிருந்து.

"சொல்லுங்க, உள்ள வாங்க."

"ஒரே கைதான் அடக்குதுங்கறது சரி. நானே பாத்திருக்கேன், கையெழுத்தே போட்டுச்சு. ஆனா சேறு எனக்கு அம்மா இல்லீங்க. அது என் வேலையிடம். அம்மான்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? அம்மாகிட்ட எடுத்துக்கிட்டே இருக்கலாம், காசு தரவேணாம். திட்டினாலும் சோறு போடுவா. எங்க எல்லாரையும் அப்படித்தானே நினைச்சாங்க?"

ஒருத்தி பேனாவை மூடினாள். பாங் டீச்சர் எழுந்து போய் அக்காவின் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார். "இதை எழுதுங்க" என்றார். அந்த நிமிஷத்தில் அவர் மனதில் கள்ளம் இல்லை. அதை இன்றும் நம்புகிறேன்.

அக்கா எழுதினாள். ஆறாவதோடு படிப்பு நின்றவள். பென்சிலால், பள்ளிக்கூட நோட்டில், மூன்று மாதம் எழுதினாள். எழுத்துப்பிழை நிறைய. கதை இதுதான்: நூறு வருஷம் கழித்து சேற்றுவெளியின் மேல் ஒரு பெரிய நகரம் நிற்கிறது. ஒருநாள் காலையில் எல்லா வீட்டுச் சமையலறையிலும் கணுக்கால் அளவு உப்புத்தண்ணீர் வருகிறது. ஆறு மணி நேரம் கழித்துப் போகிறது. மறுநாள் ஐம்பது நிமிஷம் தள்ளி மறுபடி வருகிறது. யாருக்கும் கோபம் இல்லை, பழிவாங்கலும் இல்லை. சேறு தன் ஷிப்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆண்கள் கமிட்டி போடுகிறார்கள். பெண்கள் ஓதத்துக்குத் தக்கபடி சமைக்கும் நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள். பிறகு தண்ணீர் ஒவ்வொரு வீட்டுத் தரையிலும் ஒரு பேரை எழுதிவிட்டுப் போகத் தொடங்குகிறது. சேற்றில் வேலை பார்த்தவர்களின் பெயர்கள், வருகைப் பதிவேடு போல. நிலமீட்பு அலுவலகத் தரையில் மட்டும் ஒரே பெயர் தினமும் வருகிறது: ஹக்சிம். பக்கத்தில் மதகைத் திறக்கச் சொன்ன அதிகாரியின் பதவி, தேதி, காலை பத்து மணி. எத்தனை முறை துடைத்தாலும் அடுத்த ஓதத்தில் மறுபடி வருகிறது.

பட்டறையின் கடைசிப் புதனன்று படித்தாள். ஜன்னலுக்கு வெளியே ரோடு போடும் எஞ்சின் சத்தம். படித்து முடித்ததும் பாங் டீச்சர் அழுதார். "அக்கா, இது பெரிய கதை. நான் ஊருக்குப் போய் பத்திரிகைக்காரங்ககிட்ட காட்டறேன்" என்றார்.

"பேரை மட்டும் மாத்திடாதீங்க" என்றாள் அக்கா.

இனி என் பங்கு. போகும் நாளில் பாங் டீச்சர் நோட்டின் நகல் வேண்டும் என்று என்னிடம் கேட்டார். அக்கா அன்று விடுப்பு. நோட்டு என் மேஜை இழுப்பறையில் இருந்தது. காட்டுவதற்குத்தானே கேட்கிறார் என்று, அக்காவிடம் கேட்காமல் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். நாற்பத்தொரு பக்கம். ஒரு ரப்பர் பேண்டும் போட்டுக் கொடுத்தேன்.

பத்திரிகையிலிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து நாவல் வந்தது. 'உப்புத் தாய்', பாங் ஹேயின் எழுதியது. பெரிய பரிசு வாங்கியது. சூழலியல் பெண்ணியத்தின் புதிய குரல் என்றது நாளிதழ். நூலகத்துக்கு வந்த பிரதியை அன்று மதியமே படித்தேன். சமையலறையில் உப்புத்தண்ணீர் வருகிறது. ஆனால் அது தாயின் கண்ணீர். நகரத்துப் பெண்கள் அதில் முகம் கழுவி மன்னிப்புக் கேட்கிறார்கள், தாய் மன்னித்துவிடுகிறாள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சேற்றுக்காரி வருகிறாள், பட்டிக்காட்டுச் சாமியார் மாதிரி புதிராகவே பேசுகிறாள். அவளுடைய தோழி ஒருத்தி, பெயர் இல்லாதவள், கடலின் வலி தாங்காமல் தன் இடுப்புக் கயிற்றைத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்துபோகிறாள். அந்த அத்தியாயம் அழகாக இருந்தது. அதுதான் கொடுமை, அத்தனை அழகாக இருந்தது. மதகு எங்கேயும் இல்லை.

நான் புத்தகத்தை மேஜை இழுப்பறைக்குள் ஒளித்து வைத்தேன். அறையைத் துடைக்கிறவளிடமிருந்து எதை ஒளிப்பது? மறுநாள் சாமான் அறையில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து அக்கா படித்துக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டு டப்பா பக்கத்தில் திறக்காமல் கிடந்தது. சாயங்காலம் என் மேஜைக்கு வந்தாள்.

"நோட்டை யாரு குடுத்தது?"

"நான்தான்கா. ஜெராக்ஸ். காட்டறதுக்குன்னு சொன்னாங்க."

அவள் என்னைத் திட்டவில்லை. "ரெண்டு பக்கமும் எடுத்தியா? பின்பக்கம் என் மளிகைச் சாமான் லிஸ்ட் இருந்துச்சே. அதையும் நாவல்ல போட்டிருக்கலாம்" என்றாள். பிறகு துடைக்கப் போய்விட்டாள். அன்று அவள் துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இலையுதிர் காலத்தில் புத்தகத்துக்கு விழா வைத்தார்கள், கடல் அணையின் மேல் புதிதாகக் கட்டிய கண்ணாடிக் கூடத்தில். அறக்கட்டளைக்காரர் போனில் அக்காவைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார். வரும்போது ரப்பர் பூட்ஸும் தலைத்துணியும் அந்த மரச்சட்டமும் கொண்டுவந்தால் படம் எடுக்க வசதி என்றார். அக்கா தன் தங்கை மகள் கல்யாணத்துக்கு வாங்கிய நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, உதட்டுச் சாயம் பூசி, கைப்பையோடு வந்தாள். படம் எடுப்பவர் அவளைத் தாண்டி யாரையோ தேடிக்கொண்டிருந்தார்.

பாங் டீச்சர் ஓடிவந்து கையைப் பிடித்தார். "அக்கா! முதல் பக்கம் பாத்தீங்களா? உங்களுக்குத்தான் சமர்ப்பணம்."

"பாத்தேன். 'சல்போவின் சேற்றுத் தாய்மார்களுக்கு'ன்னு போட்டிருக்கு. அதுல நான் எந்தத் தாய்?"

"அது... எல்லாருக்கும் பொதுவா..."

"எனக்குப் பிள்ளையே இல்லையே டீச்சர். உங்களுக்குத் தெரியாதா? ஆறு மாசம் என் கையால காப்பி குடிச்சீங்க."

சுற்றி நின்றவர்கள் சிரிக்கலாமா என்று பார்த்தார்கள். அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

"கதையை எடுத்துக்கிட்டீங்க. போகட்டும், எனக்குக் கதை எழுதற பொழப்பு இல்ல. ஹக்சிம்மை ஏன் தானா நடந்துபோக வெச்சீங்க? அவ போகல. தண்ணியைத் திறந்துவிட்டாங்க. நான் முடிச்சைக் கடிச்சேன். இந்தா, இந்தப் பல்லு அதுல ஆடினதுதான், இன்னும் ஆடுது."

"புரியுதுக்கா. ஆனா நாவல்ல அது ஒரு குறியீடு. ஒரு அதிகாரி மேல பழி போட்டா கதை சின்னதா போயிடும். இது உலகத்துப் பொம்பளைங்க எல்லாருக்குமான..."

"அந்த அதிகாரி பெரிய ஆளு ஆயிட்டாரு டீச்சர். முன் வரிசையில உக்காந்திருக்காரு, பாருங்க."

உண்மையிலேயே உட்கார்ந்திருந்தார். விழாவுக்கான செலவில் பாதி நிலமீட்பு அலுவலகத்துடையது. பாங் டீச்சரின் முகம் வெளுத்தது. அவருக்கு அது அதுவரை தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்த பிறகு என்ன செய்தார் என்றால், மேடை ஏறி அந்த அழகான அத்தியாயத்தைப் படித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். முன் வரிசையும் தட்டியது. அக்கா நடுவிலேயே எழுந்து போய்விட்டாள். பஸ் வர நாற்பது நிமிஷம் ஆகும். அணையின் மேல் காற்றில் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நாவலை ஊரே படித்தது. படிக்காதவர்கள் படித்தவர்களிடம் கேட்டார்கள். ஒரு வருஷத்தில் சல்போவில் பேச்சு மாறிவிட்டது. ஹக்சிம் தானாகத்தான் போனாளாம், வீட்டில் ஏதோ சங்கடமாம், கூட இருந்தவளே எழுத்தாளரிடம் சொன்னாளாம். மீன் கடையில் நானே என் காதால் கேட்டேன். ஹக்சிம்மின் மகள் சோல்மி, மாகாணத் தலைநகரில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள், மதகைத் திறந்ததற்கு நியாயம் கேட்டு ஐந்து வருஷமாக நிலமீட்பு அலுவலகத்துக்கு மனு மேல் மனு எழுதிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒருத்தர் நேரிலேயே கேட்டாராம், "உங்கம்மா அந்த நாவல்ல வர்றவங்கதானே?" என்று.

அக்கா பஸ் ஏறிப் போனாள், என்னையும் கூட்டிக்கொண்டு. சோல்மி ஒரு வாடிக்கையாளருக்குத் தலைச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள், திரும்பவில்லை.

"சோல்மி, நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா. என் நோட்டைக் கொண்டுவந்திருக்கேன். ஒரு தடவை படி."

"நீங்க சொல்லலன்னு தெரியும் சித்தி" என்றாள் சோல்மி கண்ணாடியைப் பார்த்தபடி. "ஆனா எழுதினீங்க இல்ல? எங்கம்மா உங்களுக்குக் கதையா? எழுதாம இருந்திருந்தா அவங்க எங்கேர்ந்து எடுத்திருப்பாங்க?"

நகல் கொடுத்தது நான். அதை நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர் தலையில் பிளாஸ்டிக் உறையோடு எங்களை மாறி மாறிப் பார்த்தார். அக்கா நோட்டைக் கல்லாப் பக்கத்தில் வைத்தாள். சோல்மி பிரஷ்ஷைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, நோட்டை எடுத்து அக்காவின் பைக்குள்ளேயே திருப்பி வைத்தாள். மரியாதையாக, இரண்டு கையாலும் வைத்தாள்.

பிராயச்சித்தம் என்று நினைத்து நான் அந்தக் கதையை நூலகச் செலவில் அறுபது பிரதி அச்சிட்டேன். பேர்கள் எதையும் மாற்றவில்லை. ஒரே ஒரு இணைய இதழ் நாலு வரி எழுதியது: பிரபல நாவலின் சாயல் அதிகம் தெரிகிறது, எழுதியவர் தன் சொந்தக் குரலைத் தேடவேண்டும். நான் அதை அக்காவிடம் காட்டவில்லை. யாரோ காட்டிவிட்டார்கள். நகராட்சியிலிருந்து, உள்ளூர் வளர்ச்சித் திட்டத்தைப் பற்றி நூலகம் எச்சரிக்கையோடு நடந்துகொள்ளவேண்டும் என்று எனக்கு ஒரு ஓலை வந்தது. அடுத்த ஜனவரியில் அக்காவின் வேலைத்திட்டம் புதுப்பிக்கப்படவில்லை.

சோல்மியின் மனு தள்ளுபடியாகிவிட்டது. 'உப்புத் தாய்' பள்ளிகளின் வாசிப்புப் பட்டியலில் சேர்ந்தது. ஐந்து பிரதி வாங்கச் சொன்னார்கள். முத்திரை குத்தி, முன் அலமாரியில் வைத்தேன்.

நான் ஓய்வு பெற்ற வருஷம் அக்காவைப் பார்க்கப் போனேன். கப்பலில் வெளிநாட்டிலிருந்து வரும் மட்டியை உடைக்கிற கொட்டகையில் வேலை செய்கிறாள். கிசொப் இறந்துவிட்டார். அவள் முன்னால் ஒரு மலை போல மட்டி. கத்தியை நுழைத்து, திருப்பி, சதையை வழித்துக் கிண்ணத்தில் போடுகிறாள். பார்க்காமலேயே செய்கிறாள்.

"இப்ப ஏதாவது எழுதறீங்களா அக்கா?"

"எதுக்கு? இன்னும் யாரையாவது கொல்லவா?"

கொட்டகையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் என்னைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள். நானும் ஒரு கத்தியை எடுத்து உடைக்கப் பார்த்தேன். மூன்றாவதிலேயே விரலை வெட்டிக்கொண்டேன். அக்கா தன் தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டாள்.

"அந்தப் பொண்ணு இப்ப என்ன எழுதறா?" என்று கேட்டாள்.

"புது நாவல் வருதாம். இந்தத் தடவை கடல் இல்ல, மலையைப் பத்தியாம்."

அக்கா அடுத்த மட்டியை எடுத்தாள்.

"பாவம் மலை" என்றாள்.